உப்பில்லாப் பத்தியம்

மே 26, திங்கள்

இனி எந்தச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் தங்கச்சி கோமுவைக் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. பட்டது போதும்.

தென்காசியில் சித்தப்பா பேத்தி கல்யாணம். முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகத்தான் சாப்பிட்டாள். நான் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். மூன்றாவது பந்தியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில், இலை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாம்பார் வாளிக்காரன் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "அக்கா, நீங்க முதல் பந்தியிலயே சாப்பிட்டியள்லா?" என்கிறான். யாரோ அதைப் படம் பிடித்து, நாங்கள் பஸ் ஏறுவதற்குள் 'நம்ம சொந்தங்கள்' குரூப்பில் போட்டாயிற்று. சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுகின்றன. முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து சேர்த்த மரியாதை ஒரே பாயசத்தில் போய்விட்டது.

பஸ்ஸில் சங்கரன்கோவில் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டு எந்திரிச்ச உடனே வயித்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குக்கா. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா கால் தானா பந்திக்குப் போகுது. எப்படியாச்சும் இந்தப் பசியை நிறுத்திவிடுக்கா."

நாற்பத்தாறு வயசுக்காரி, நடுரோட்டில் நின்று அழுகிறாள். அம்மா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். கல்யாணம், குடும்பம் என்று இரண்டு பேருக்கும் வேறு எதுவும் அமையவில்லை. "நிறுத்துதேன்ட்டி. அழாத" என்றேன். சொன்னால் செய்வேன்.

மே 31, சனி

ஆவுடையப்பன் சாரைப் பார்த்தேன். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் தன் வீட்டு மாடியில் 'இயற்கை நலவட்டம்' நடத்துகிறார். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்து பூசணிச்சாறு குடிக்கிறார்கள். மருந்தில்லாமல் பசியை அடக்கப் பல வழி சொன்னார். கவளத்துக்கு முப்பத்திரண்டு தடவை மெல்லுதல், அடிவயிற்றில் ஈரமண் பட்டி, காதுமடலில் மிளகை ஒட்டி அழுத்திக்கொள்வது, காலை வெயிலில் அரைமணி நேரம். உப்பைக் குறைக்கவும் சொன்னார்.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார். "இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுதவங்களை டாக்டர் லெட்டர் இல்லாம நான் சேக்கது இல்ல டீச்சர். கோவிச்சிக்கிடாதிய" என்றார்.

'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். நாளைக்கு இல்லாமல் போகப்போவதுதானே.

கோமுவுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் டி.பி. வந்தது. அது குணமாகிவிட்டது. ஆனால் கிட்னி மேல் இருக்கிற ஏதோ சுரப்பியை அரித்துவிட்டதாம். அதிலிருந்து காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று மாத்திரை. மார்ச்சில் சிக்குன்குனியா வந்தபோது திருநெல்வேலி டாக்டர் வேளைக்கு இரண்டாகப் போடச் சொன்னார். காய்ச்சல் போய் இரண்டு மாசமாகிறது, இவள் இன்னும் இரண்டிரண்டாக விழுங்குகிறாள். டி.பி. போன பிறகும் எதற்கு எட்டு வருஷம் மாத்திரை? ஒருத்தராவது கேட்டார்களா?

ஜூன் 5, வியாழன் (1)

இன்றுதான் முதல் நாள். சார் பதினைந்து நாள் என்றார். நான் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்று வைத்துவிட்டேன். உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பது, கூட்டுவது எல்லாம் எனக்குச் சரிப்படாது. அடியோடு நிறுத்திவிட்டேன். பத்தியம் என்றால் பத்தியம். நடுவில் முறித்தால் மறுபடி முதல் நாளிலிருந்து. என் மாணவிகளுக்கும் அதே சட்டம்தான், ஓட்டத்தில் குறுக்கே புகுந்தால் முதல் ரவுண்டிலிருந்து ஓட வேண்டும்.

அவளுக்கு உப்பில்லை என்றால் எனக்கும் இல்லை. அதில் நான் நியாயம் பார்ப்பவள்.

கோமுவின் எடை: 71.

ஜூன் 9, திங்கள் (5)

உப்பில்லாத கத்திரிக்காய்க் கூட்டு வாயில் வைக்க விளங்கவில்லை. கோமு முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டாள். மண்பட்டி போட்டுப் படுக்கும்போது மட்டும் சிரிக்கிறாள். "வயித்துல விதை போட்டா வெண்டைக்கா காச்சிரும் போலக்கா" என்கிறாள். நல்ல சூட்டிகை.

பசி குறையவில்லை. பதினோரு மணிக்கு ஐந்து இட்லி கேட்டாள். ஒரு தம்ளர் பூசணிச்சாறு கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி (9)

இன்றிலிருந்து மாத்திரை பாதி.

அவள் பர்ஸில் ஒரு சிவப்பு அட்டை வைத்திருக்கிறாள். எட்டு வருஷமாக அதை ஏதோ தாயத்து மாதிரி சுமக்கிறாள். எடுத்து இந்த டைரியில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். எழுத்து ரொம்பப் பொடி.

ஜூன் 15, ஞாயிறு (11)

மாத்திரையை முழுசாக நிறுத்தியாயிற்று. கோமுதான் தயங்கினாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமாக்கா?"

"கேட்டாச்சு. நிறுத்தச் சொல்லிட்டாரு."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே?"

"வீட்டு நம்பருக்குப் பேசினேன். நீ என்ன என்னையே குறுக்கு விசாரணை பண்ணுதே?"

உடனே அடங்கிவிட்டாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. டாக்டரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? சாகிற வரைக்கும் சாப்பிடு என்பார். அதற்கு ஒரு போன் செலவு வேறா?

ஜூன் 19, வியாழன் (15)

ஜெயித்துவிட்டோம்! காலையில் ஒரு கிண்ணம் பப்பாளி வைத்தேன். பாதியைத் தள்ளிவிட்டு, "போதும்க்கா" என்றாள். என் காதையே நம்ப முடியவில்லை. மத்தியானம் இரண்டு கரண்டிக் கஞ்சி, அவ்வளவுதான். அடுப்படிப் பக்கமே வரவில்லை.

சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பதினஞ்சு நாள்ல இவ்வளவு மாற்றமா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். சனிக்கிழமை வட்டத்தில் வந்து பேசச் சொன்னார். என்ன பேசுவது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

எடை: 67.

ஜூன் 21, சனி (17)

வட்டத்தில் பேசினேன். கைதட்டினார்கள். கோமு வரவில்லை, அசதியாக இருக்கிறது என்று படுத்துவிட்டாள். உடம்பில் இருந்த கசடு எல்லாம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்.

வரும் வழியில் செட்டியார் கடையில் இரண்டு உளுந்துவடை சாப்பிட்டேன். எனக்கு எந்த வியாதியும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு (18)

கோமுவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த எதிர்வீட்டு ராமலெட்சுமி வந்தாள். "என்ன மைனி, கோமு இப்படிக் கறுத்துட்டா?" என்று கேட்டாள். வெயில் குளியல் எடுத்தால் கறுக்காமல் வெளுப்பாளா? அப்படியே சொன்னேன். ஜாக்கெட் தைத்து முடியவில்லை. கத்தரிக்கோலைப் பிடிக்கக் கை வலிக்கிறதாம்.

ஜூன் 24, செவ்வாய் (20)

இன்று ஒரு திருட்டைப் பிடித்தேன்.

மத்தியானம் கறிவேப்பிலை வாங்கிவிட்டு வந்தால் வீட்டில் சத்தமே இல்லை. அடுப்படியில் கோமு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் உப்பு ஜாடி. கல்லுப்பை ஒவ்வொன்றாக எடுத்து, கற்கண்டு மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஜாடியை மறைக்கக்கூட இல்லை.

"என்னால முடியலக்கா. சோறு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உப்பு மட்டும் இத்துனூண்டு குடு. உடம்பு கேக்குக்கா."

"உடம்பு கேக்கல. நாக்கு கேக்குது. பசி போனதும் நாக்கு புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு."

"சாமி சத்தியமா நாக்கு இல்லக்கா."

சட்டம் சட்டம்தான். இன்றோடு முறிந்தது, நாளை மறுபடி ஒன்று என்று சொன்னேன். அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. சரி, இந்த ஒரு தடவை மன்னித்து எண்ணிக்கையைத் தொடரலாம் என்று விட்டுக்கொடுத்தேன். ஜாடியை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

ஜூன் 26, வியாழன் (22)

தையல் மெஷின் டிராயரில் ஊசி தேடப் போனால், நூல்கண்டுகளுக்கு அடியில் மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி. ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறாள்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "என்னை ஏமாத்திட்டியே கோமு! அப்ப நான் வட்டத்துல எழுந்து நின்னு பேசினது எல்லாம் பொய்யா?"

"ரொம்பக் கிறக்கமா வாறப்ப அரை மாத்திரை போட்டேன்க்கா. போட்டா கொஞ்சம் எந்திரிச்சு உக்கார முடியுது."

"டாக்டரே வேண்டாம்னு சொன்ன மாத்திரையா?"

மீதி நாலையும் சாக்கடையில் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 27, வெள்ளி (23)

எடை: 62. மிஷினில் ஏறும்போது தடுமாறினாள். பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 28, சனி (24)

காலையில் இரண்டு தடவை வாந்தி. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறாள். வட்டத்துக்கு நானும் போகவில்லை.

ஆவுடையப்பன் சாரே போன் செய்தார். சொன்னேன்.

"டீச்சர், பத்தியத்தை இப்பவே நிறுத்துங்க. ஒரு தம்ளர் மோர்ல உப்புப் போட்டுக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு வேற சீக்கு ஏதும் உண்டுமா? மாத்திரை கீத்திரை?"

"அதான் படிவத்துல எழுதியிருக்கேன்லா சார்."

"அதைத்தான் கையில வச்சிக்கிட்டுக் கேக்கேன்."

சரி, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். கைதட்டு வாங்கின ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரிக்கா? முப்பத்தொரு வருஷத்தில் என் டிரில்லில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததில்லை. மயக்கம் வருகிறது என்று வருகிறவளை நான் உட்கார விடமாட்டேன், அதுதான் ரகசியம். இன்னும் பாதி மண்டலம்தான். பாதியைத் தாண்டிவிட்டால் மிச்சம் தானாக ஓடிவிடும்.

மோர் மட்டும் கொடுத்தேன். பீரோவைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு (25)

அவளுக்குத் தலைவாரிவிட்டேன். கையை விரித்துப் படுத்திருந்தாள். உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றும் பேனாவால் வரைந்ததுபோலக் கறுப்பாக இருக்கிறது. கொட்டாவி விட்டபோது பார்த்தேன், ஈறும் கறுத்திருக்கிறது.

வாய்க்குள் வெயில் எப்படிப் பட்டது?

ஜூன் 30, திங்கள் (26)

இன்று எடை பார்க்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு அவள் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தொப்பென்று சத்தம். ஓடினேன். பீரோவுக்கு முன்னால் விழுந்து கிடக்கிறாள். ஒரு கை பீரோக் கைப்பிடியைப் பிடித்தபடியே இருக்கிறது. உடம்பெல்லாம் சில்லென்று வேர்வை. "கோமு, கோமு" என்று கத்துகிறேன். கண்ணைத் திறக்கிறாள், நான் யாரென்று தெரியவில்லை.

ராமலெட்சுமிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டியில் வந்த நர்ஸம்மா பிரஷர் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்தாள். "ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுதாங்களாம்மா?"

"இல்லை."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது எழுத ஓடவில்லை. பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 3, வியாழன்

பிழைத்துக்கொண்டாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு வாந்திபேதி கேஸ் என்று நினைத்து பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பிரஷர் ஏறவில்லை. ஒன்றரை மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் டைரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும் அவசரத்தில் பர்ஸை எடுக்காமல் இதை எடுத்துவந்திருக்கிறேன். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி கோமுவின் உள்ளங்கையைப் பார்த்தாள். உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவங்களுக்கு முன்னாடி டி.பி. வந்திருக்கா? ரொம்ப நாளா ஏதாவது மாத்திரை போட்டாங்களா? நீங்க சொல்லலைன்னா இவங்க இருக்க மாட்டாங்க."

டைரியைத் திறந்து சிவப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை வாசித்தாள். எனக்குப் பொடியாகத் தெரிந்த எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சத்தமாகவே வாசித்தாள். 'இந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து.' தமிழில்தான் போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் கண் கோளாறு இல்லை. இந்த டைரியிலாவது உண்மையை எழுத வேண்டும். பதின்மூன்றாம் தேதியே அதை நான் வாசித்தேன். எல்லா மருந்திலும் இப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று நினைத்தேன்.

ஒரு ஊசிதான் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் பிரஷர் ஏறிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

கோமுவை எப்போதும் பார்க்கிற பழைய டாக்டர் வந்து பார்த்தார். கோமுவுக்கு நல்ல நினைவு வந்துவிட்டது. குரல்தான் கம்மல்.

"ஏம்மா மாத்திரையை நிறுத்துன?" என்றார்.

"நீங்கதான் சார் நிறுத்தச் சொன்னிய. எங்க அக்கா உங்க வீட்டு நம்பருக்குப் பேசுனாள்லா, ஞாயித்துக்கிழமை. எங்க அக்கா கேக்காம ஒண்ணும் செய்யமாட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். கோமு அவரைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்காக. அப்படியே விட்டிருக்கலாம். அவர் மறந்துவிட்டார் என்று அவள் காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"நான் பேசலை சார்" என்றேன். "பேசினேன்னு இவகிட்டப் பொய் சொன்னேன். படிவத்துலயும் மாத்திரை இல்லைன்னு எழுதினேன். ஆம்புலன்ஸ்லயும் அதையே சொன்னேன்." மண்பட்டி, மிளகு, உப்பை நிறுத்தினது எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேஸ் தாளைப் புரட்டினார். "மார்ச்சுல காய்ச்சலுக்கு டோஸை ஏத்துனோமே, ஒரு வாரத்துல பழைய அளவுக்கு இறக்கச் சொன்னேனே? இறக்கலையா?"

யாரும் இறக்கவில்லை. அவளுக்கு நினைவில்லை, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"அதான் அந்தப் பசி. கூடுதலாப் போட்டா அப்படித்தான் அகோரமாப் பசிக்கும். ஒண்ணொண்ணாக் குறைச்சிருந்தா பத்து நாள்ல தானா அடங்கியிருக்கும். மண்ணும் வேண்டாம், மிளகும் வேண்டாம். ஒரு போன் பண்ணியிருந்தாப் போதும்."

அவர் போன பிறகு கோமு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "ஏட்டி, ஏதாச்சும் பேசு. நாலு வார்த்தை திட்டு" என்றேன். காதில் மிளகு ஒட்டின இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, சனி

காலையில் நானே கேண்டீன் அடுப்பில் கெஞ்சிக் கேட்டு கஞ்சி காய்ச்சினேன். நொய்யரிசி, கொஞ்சம் சீரகம். உப்பு போட்டேன். போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி ருசி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

வார்டுக்குக் கொண்டுபோனபோது கோமு உட்கார்ந்திருந்தாள். "பசிக்குதா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டு மாசமாக எந்தச் சொல்லைக் கேட்டு எரிந்துவிழுந்தேனோ அது வாயிலிருந்து வராமலே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஒரு கரண்டி எடுத்து வாய்க்கருகில் கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கரண்டியைப் பார்த்தாள். பிறகு அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணின் பக்கம் திரும்பினாள். வள்ளியூர்க்காரி, நேற்றுத்தான் அட்மிட் ஆனவள், பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

"அக்கா, இந்தக் கஞ்சியை ஒரு வாய் பாத்துச் சொல்லுதியளா? உப்பு போட்டிருக்கான்னு."